மணலெழுத்தும் பேரரசும்

கல்விக்கூடத்திற் பயன்படுங் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் விரைவையும் சிக்கனத்தையுமே எடுத்துக் கூறுவர். பேரரசுகளின் வரலாற்றை எழுதுவோர் போர், வாணிகம், வரி, சட்டம் ஆகியவற்றை ஆராய்வர். ஆண்பெண் உறவுகளைப் பற்றியும், மக்கள் தம்மை இன்னார் எனக் கருதிக்கொள்ளும் அடையாளத்தைப் பற்றியும் ஆராய்வோர் பிறிதொரு துறையினராய் நிற்பர். பல்கலைக்கழக நூல்நிலையங்களில் இந்நால்வகை நூல்களும் வெவ்வேறு தட்டுக்களில் அடுக்கப்பட்டிருக்கும். ஆயினும் வரலாற்றில் இவை ஒன்றையொன்று அறியாது நின்றவையல்ல. இந்நான்கும் ஒரே கூரையின்கீழ் ஒன்றுகூடிய இடம் ஒன்றுண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னை எழும்பூரில் நிறுவப்பட்ட ஆண்பிள்ளைகள் அநாதைச்சாலையாகும். அச்சாலையின் வரலாற்றை அண்மைக்கால ஆராய்ச்சி நூல்களின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அநாதைச்சாலை என்னும் பெயரே முதலில் விளக்கம் வேண்டுவதாகும். 1787ஆம் ஆண்டிற் சென்னைத் தேசாதிபதியாயிருந்த ஆர்ச்சிபால்ட் கம்பெலின் மனைவியாருடைய ஆதரவிற் பெண்பிள்ளைகளுக்கென ஒரு சாலை தொடங்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்குரிய சாலை 1789இல் எழும்பூரில் அமைந்தது. அங்கே சேர்க்கப்பட்டோர் கிழக்கிந்தியக் கும்பனியின் படையிற் பணிபுரிந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் மைந்தர். அவருட் பெரும்பாலோரின் தாய்மார் அந்நாட்டுப் பெண்கள். தந்தையர் போரிலும் நோயிலும் மாண்டிருக்கலாம்; அன்றி வேறிடம் பெயர்ந்து போயிருக்கலாம். தாய்மார் பலர் உயிரோடிருந்தனர். தாய் உயிரோடிருக்கவும் பிள்ளை அநாதை எனப்பட்டது. தந்தையின் இனத்தைச் சேர்ந்தவனாகப் பிள்ளையைக் கொள்வதும், தாயை இல்லாதவளாகக் கருதுவதும் அச்சொல்லின் உட்கிடை.

இவ்வுறவுகளைக் கும்பனியார் எக்காலத்தும் ஒரே கண்ணோடு நோக்கினாரல்லர். 1687ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த இயக்குநர் சென்னைக் கோட்டைக்கு எழுதிய கடிதமொன்றிற் சிப்பாய்கள் உள்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்கவேண்டும் என்றும், அம்மணத்திற் பிறக்கும் பிள்ளை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் வழங்கலாம் என்றும் குறித்தனர். கோட்டைக்குக் காவலர் வேண்டும்; காவலர்க்கு அந்நிலத்தில் வேர் வேண்டும்; செலவோ குறைவு. இஃது அவர் கணக்கு. நூறாண்டு கழிந்தபின் கணக்கு மாறிற்று. 1786இற் கல்கத்தாவின் மேல்நிலை அநாதைப் பள்ளிப் பிள்ளைகள் கல்விக்காக இங்கிலாந்து செல்வது தடுக்கப்பட்டது. 1791இல் இந்தியத் தாய் வயிற்றிற் பிறந்தோர் கும்பனியின் ஆட்சித்துறை, படை, கப்பற்றுறை ஆகியவற்றில் உயர்பதவி பெறுதல் விலக்கப்பட்டது. 1795இல் இருமருங்கும் ஐரோப்பியப் பெற்றோரை உடையரல்லாதார் படையிற் குழலூதுவோராகவும், பறையறைவோராகவும், குதிரைக்கு இலாடம் கட்டுவோராகவுமன்றி வேறு பணி புரிதலாகாது என்று விதிக்கப்பட்டது. எழும்பூர்ச் சாலையின் தொடக்க ஆண்டுகள் இவ்விதிகள் பிறந்த ஆண்டுகளே என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

இவ்விடத்தில் இருவர் நூல்கள் நமக்கு உதவுகின்றன. கிறிஸ்தோபர் ஹோஸ் என்பார் 1996இல் வெளியிட்ட 'ஏழை உறவினர்' என்னும் நூல், 1773 முதல் 1833 வரையுள்ள காலத்தில் யூரேசியர் என்னும் ஒரு சமூகம் உருவான வரலாற்றைக் கூறுவது. அச்சமூகத்தார் தாமாக ஒன்றுகூடினர் என்பதினும், அரசின் விதிகளும் அநாதைச்சாலைகளும் அவரை வேறாகப் பிரித்து நிறுத்தியமையால் ஒரு சமூகமாயினர் என்பதே பொருந்தும். துர்பா கோஷ் என்பார் 2006இல் வெளியிட்ட நூலோ, வங்காளத்தை மையமாகக் கொண்டு, கும்பனி ஆட்சியில் ஆண்பெண் உறவும் குடும்பமும் இருந்தவாற்றை மரணசாசனங்கள், கோயிற் பதிவேடுகள், வழக்கேடுகள் ஆகியவற்றின் வாயிலாக ஆராய்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளையரும் இந்தியப் பெண்களும் இணங்கி வாழ்ந்த இனிய காலம் எனச் சிலர் எழுதுவதை அவர் உடன்படவில்லை. அப்பெண்கள் ஏடுகளிற் பெரும்பாலும் பெயரற்றவராயும், ஞானஸ்நானப் பெயரொன்று மாத்திரம் உடையராயும் வருகின்றனர். தம் சொந்தப் பெயரையும் குலத்தையும் ஊரையும் அவர் இழந்தமை தற்செயலன்று, அதிகாரத்தின் விளைவு என்பது அவர் துணிபு.

ஆன் லோறா ஸ்ரோலர் என்னும் அறிஞர் 2002இல் வெளியிட்ட நூல் இதனை மேலும் விரிவாக்குகின்றது. அவர் எடுத்துக்கொண்ட களம் ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தோசீனமுமாகும். யார் யாரோடு வாழ்வது, அவர்க்குப் பிறந்த பிள்ளையை யார் வளர்ப்பது, எம்மொழியில் வளர்ப்பது என்பன வீட்டு விடயங்கள் போலத் தோன்றினும், ஆள்வோர் யார் ஆளப்படுவோர் யார் என்னும் எல்லைக்கோடு அவற்றினாலேயே வரையப்பட்டது என்று அவர் காட்டுகின்றார். தொட்டிலும் அநாதைச்சாலையும் பாலர் பள்ளியும் அரசியலுக்குப் புறம்பானவையல்ல என்பதாயிற்று. எழும்பூர்ச் சாலைக்கு இக்கூற்று முற்றும் பொருந்தும்.

இனிக் கருவிக்கு வருவாம். ஸ்கொத்லாந்தில் 1753இற் பிறந்த அன்றூ பெல் என்னும் குருவானவர் 1787இற் சென்னையை அடைந்து, 1789இல் அநாதைச்சாலையின் மேற்பார்வையாளர் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். ஒருநாட் காலை குதிரையிற் செல்லும்போது 'மலபார்ப்' பள்ளியொன்றிற் பிள்ளைகள் நிலத்திலமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகுவதைக் கண்டார். மலபார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழர்க்கும் தமிழ்மொழிக்கும் வழங்கிய பெயர். கண்டவர் தம் பள்ளியிலும் இதனைப் புகுத்துமாறு உதவி ஆசிரியரைப் பணித்தார். அவர் இணங்கவில்லை. பெல் ஜோன் பிறிஸ்கின் என்னும் எட்டு வயதளவான மாணவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். வளர்ந்த ஆசிரியர் ஆகாதென்றதைச் சிறுவன் செய்து முடித்தான். அதனைக் கண்ட பெல் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பள்ளி முழுவதிலும் பரப்பினார்.

பெல் கண்ட காட்சி தமிழர்க்குப் புதியதன்று. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் எழுத்து வரைவிப்பது நம்மிடையே இன்றும் உள்ள வழக்கம். திண்ணைப்பள்ளியிற் பிள்ளை எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் அதன் வடிவை வரைவான். கை பழகியபின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவனிடம் கொடுக்கப்படும். மேல்வகுப்பு மாணவனாகிய சட்டாம்பிள்ளை கீழுள்ளோர்க்குப் பாடஞ் சொல்லி ஒப்புக்கேட்பான். தென்னிந்தியாவில் இம்முறை நெடுங்காலம் நிலவியதற்கு அயலார் சான்றும் உண்டு. 1623இற் கன்னட நாட்டு இக்கேரிப் பக்கம் பயணஞ் செய்த பியத்துரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், சிறுவர் சிலர் ஆசிரியர் அருகில் இல்லாமலே மணல் பரப்பிய தளத்தில் விரலால் எழுதித் தமக்குள் எண்கணிதம் பயின்றதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். பெல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட செய்தி இது.

எழும்பூரிற் புகுந்த மணல் அங்கே எவ்வாறு மாறிற்று என்பதே நாம் கருத்தூன்றி நோக்கவேண்டியது. பெல்லின் முறையிற் பிள்ளைகள் திறமைக்கேற்ப வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டனர். வகுப்பினுள் வல்லவனும் மெல்லியவனும் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். அவர்க்குமேல் உதவிச் சட்டாம்பிள்ளைகள், அவர்க்குமேற் சிறுவராகிய ஆசிரியர், எல்லார்க்கும் மேலே மேற்பார்வையாளர் என ஏணிப்படிகள் அமைந்தன. பாடங்கள் சிறு துண்டுகளாக்கப்பட்டன. ஒன்று முற்றாகப் படியாமல் அடுத்ததற்குச் செல்லலாகாது. அன்றாடம் படித்த அளவு பதிவேட்டிற் குறிக்கப்பட்டது. குற்றங்கள் 'கருநூல்' எனப்பட்ட ஏட்டில் எழுதப்பட்டு, குறித்த நாளில் மாணவர் குழுவின்முன் விசாரிக்கப்பட்டன. திண்ணையில் மணல் எழுத்துப் பழகுதற்கோர் எளிய பரப்பாயிருந்தது. எழும்பூரில் அது வரிசை, அளவு, கண்காணிப்பு என்பவற்றைக் கொண்ட ஒரு பெரும்பொறியின் உறுப்பாயிற்று.

அப்பொறியின் நோக்கத்தையும் பெல் மறைத்தாரல்லர். இப்பிள்ளைகள் பொய்யும் வஞ்சனையும் பழகியவர் என்றும், அவரைத் தாய்மார் சார்ந்த வகுப்பினரின் இழிநிலையிலிருந்து மீட்பதே சாலையின் கடமை என்றும் அவர் கருதினார். கற்பித்தற் கருவியைத் தமிழ்ப் பள்ளியிற் பெற்று, அதனைக்கொண்டு பிள்ளைகளை அவர்தம் தாயின் மொழியிலிருந்தும் மனையிலிருந்தும் பிரிக்க முற்பட்டார். மணலைப் பெற்றுக்கொண்ட சாலை, அம்மணலில் எழுதிய மக்களை விலக்கிற்று. இம்முரண்பாடு மேற்கூறிய நால்வகை நூல்களையும் ஒருங்கே படித்தாலன்றி விளங்காது. கருவியின் வரலாற்றை மாத்திரம் படிப்போன் சிக்கனத்தையே காண்பான். குடும்ப வரலாற்றை மாத்திரம் படிப்போன் பெயரிழந்த தாயையே காண்பான். அத்தாய் பெயரிழந்ததற்கும் அப்பொறி எழுந்ததற்கும் உள்ள தொடர்பு இருவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

பெல் 1796இற் சென்னையை நீங்கி, அடுத்த ஆண்டில் தம் பரிசோதனை பற்றிய சிறுநூலை இலண்டனில் வெளியிட்டார். 1798இற் சதக் என்னும் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்ரரும் இத்தகைய முறையொன்றை வளர்த்தார். ஓர் ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாம் என்பதே இம்முறையின் கவர்ச்சி. காகிதமும் மையும் இறகும் வேண்டியிராமையாற் செலவும் சிறிது. நீராவி எந்திரத்தோடும் ஆலைத் தொழிற்பகுப்போடும் அக்காலத்தார் இதனை ஒப்பிட்டுப் புகழ்ந்தனர். ஆங்கிலத் திருச்சபையார் பெல்லின் பெயரால் 1811இல் தேசிய சங்கத்தை நிறுவினர். லங்காஸ்ரர் பக்கத்தார் அமைத்த சங்கம் 1814இல் பிரித்தானிய அந்நிய பாடசாலைச் சங்கம் எனப் பெயர் பெற்றது. நியூயோர்க், கரகாஸ் முதலிய தூரநகரங்களிலும் இம்முறை பரவிற்று. 1975இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலிற் பிரெஞ்சு அறிஞர் மிசேல் பூக்கோ, சிறைச்சாலை, படைமுகாம், தொழிற்சாலை ஆகியவற்றோடு இத்தகைய பள்ளிகளையும் சேர்த்தெண்ணி, மனிதவுடலை நேரத்தாலும் இடத்தாலும் பழக்கியெடுக்கும் புதிய ஆட்சிமுறையின் உறுப்புக்களாக விளக்கினார். ஆயின், ஐரோப்பாவின் இவ்வரலாற்றைக் குடியேற்ற நாடுகளின் வரலாற்றிலிருந்து பிரித்தெழுதியமை பூக்கோவின் குறை என்று ஸ்ரோலர் 1995இல் எழுதிய மற்றொரு நூலிற் காட்டினார். எழும்பூரின் கதை அக்குறையை உறுதிப்படுத்துகின்றது. இலண்டன் பள்ளிகளின் ஒழுங்குக்கு ஒரு மூலம் சென்னையிலிருந்தது.

சென்ற முறை திரும்பியும் வந்தது. 1814இல் வங்காளத்துச் சின்சுராவில் இறோபேட் மே என்னும் பாதிரியார் இவ்வகைப் பள்ளிகளைத் தொடங்கினார். இந்தியப் பிள்ளைகளுக்கு அது மேல்நாட்டார் கண்டுபிடித்த நவீன முறையாகக் காட்சியளித்தது. அவ்வாண்டிலேயே கும்பனி இயக்குநர் இந்தியாவுக்கு அனுப்பிய ஆணையில், இந்தியக் கிராமங்களில் வழங்கிய போதனாமுறையே பெல்லின் வாயிலாக இங்கிலாந்தில் நடப்பட்டது என்று தாமே ஒப்புக்கொண்டனர். பெல்லோ மணலெழுத்தை மலபார்ப் பள்ளியிற் கண்டதாக உடன்பட்டாரேயன்றி, மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறை தம் கண்டுபிடிப்பென்றே வாதித்தார். இவ்வாறு ஒரு பொருள் நாடுகளுக்கிடையே சென்று திரும்பி உருமாறியதை யானா சூரெனெவ் என்பார் 2019இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். மூலம் நம்முடையது என அறிந்தவுடன் திண்ணைப்பள்ளியைக் குறையற்ற கல்விக்கோயிலாகப் போற்றுதல் எளிது. தரம்பால் 1983இல் வெளியிட்ட 'அழகிய மரம்' என்னும் நூல், தேசாதிபதி தோமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் ஏடுகளைத் தொகுத்து, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணாக்கரும் இருந்தமையை யாவரும் அறியச் செய்தது. ஆனால் அவ்வேடுகளே அப்பள்ளிகளிற் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே பயின்றனர் என்பதையும் காட்டுகின்றன. ஒடுக்கப்பட்ட சாதியார் பலர்க்குத் திண்ணை எட்டாதிருந்தது. கோதண்டம் முதலிய கொடுந்தண்டனைகளும் அங்குண்டு. பவானி இராமன் 2012இல் வெளியிட்ட நூல், திண்ணையில் வளர்ந்த நினைவாற்றலும் எழுத்துத் திறனும் கணக்கர் தொழிலோடும் அத்தொழிலாளர் பெற்ற அதிகாரத்தோடும் இயைந்திருந்தவாற்றை விளக்குகின்றது. ஆகவே மணல் எவர் கையிலும் குற்றமற்றிருந்ததில்லை. வேற்றுமை யாதெனின், திண்ணையாசிரியர் ஊரார் தரும் நெல்லையும் காணிக்கையையும் நம்பி வாழ்ந்தார். பிள்ளை மாலையில் தன் வீடு சென்றான். எழும்பூர்ப் பிள்ளைக்குச் சாலையே வீடாக்கப்பட்டது.

அங்குக் கற்றோர் பின் என்னாயினர்? 1794இல் மைக்கேல் தொப்பிங் சென்னையில் நிலவளவைப் பள்ளியைத் தொடங்கியபோது, அநாதைச்சாலைச் சிறுவரையே மாணவராகச் சேர்த்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரி தன் தோற்றத்தை அப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகின்றது. பிணையாக வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் புதல்வர் இருவரும் அவ்வாண்டில் திருப்பியனுப்பப்பட்டபோது, உடன்சென்ற வில்லியம் சிமித் என்னும் எழும்பூர் மாணவன் அவ்வரசன் முன்னிலையில் விஞ்ஞானக் கருவிகளை இயக்கிக் காட்டினான். இத்துணைத் திறமை பெற்றவரைத்தான் மறு ஆண்டின் விதி படையிற் குழலூதவும் பறையறையவும் மாத்திரம் தகுந்தவராக்கிற்று. அவர் வரைந்த படங்களைக்கொண்டு பேரரசு நிலத்தை அளந்தது. அவர்க்கோ அப்பேரரசில் உயர்ந்தோரிடம் கிட்டவில்லை. தாயின் மக்களிடை மீளும் வழியும் அடைக்கப்பட்டிருந்தது. அடையாளம் என்று இன்றைய நூல்கள் பேசுவது, இவ்விளைஞர் வாழ்வில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்து மறுக்கப்படும் பொழுதில் அறியப்பட்ட உண்மை.

கருவி கைமாறும்போது பயனும் மாறுவதற்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு சான்று உண்டு. வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் கற்று, அங்கே ஆசிரியராயும் இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைபுரிந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புமுறை, அச்சிட்ட பாடநூல், படிமுறையாக அமைந்த பாலபாடம் ஆகிய மிஷனாரின் கருவிகளை அவர் வெறுத்தொதுக்கவில்லை. அவற்றையே சைவமும் தமிழும் வளர்தற்கு உரியவையாக்கினார். பெல் நம்மவர் கருவியைக் கொண்டு நம்மவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார். நாவலர் அந்நியர் கருவியைக் கொண்டு பிள்ளைகளைத் தம் வீட்டுச் சமயத்தோடும் மொழியோடும் இணைத்தார்.

பள்ளிக் கருவிகளைப் பற்றிய அண்மைக்கால நூல்கள் இவ்வினாவை நம் காலத்துக்குக் கொணர்கின்றன. லறி கியூபன் 1986இல் எழுதிய 'ஆசிரியரும் இயந்திரங்களும்' என்னும் நூல், 1920 முதல் சலனப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி என்பன ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பறைக்கு வந்த கதையைக் கூறும். ஒவ்வொன்றும் கல்வியை அடியோடு மாற்றும் என்ற வாக்குறுதியோடு வந்தது. பயன் குறைந்தபோது பழி ஆசிரியர்மேற் சுமத்தப்பட்டது. சலனப்படத்தால் நூல்கள் பள்ளியிற் பயனற்றுப் போகும் என்று எடிசன் 1913இற் கூறினார். நூல்கள் இன்றும் உள்ளன. ஒட்ரி வாற்றேர்ஸ் 2021இல் வெளியிட்ட 'போதிக்கும் இயந்திரங்கள்' என்னும் நூல், பிரசி, ஸ்கின்னர் ஆகிய உளநூலார் அமைத்த இயந்திரங்களை ஆராய்கின்றது. சிறு துண்டுகளாக்கிய பாடம், ஒன்று முடிந்தபின் மற்றொன்று, உடனுக்குடன் பதிவு என்னும் அமைப்பை அங்கே காணும்போது எழும்பூர்ப் பதிவேடு நம் நினைவுக்கு வருகின்றது. ஆசிரியர் தொகையைக் குறைத்து மாணவர் தொகையைப் பெருக்கலாம் என்னும் ஆசையும் அதுவே. ஆயின், கருவியை ஆராயும் இந்நூல்களிற் பிள்ளையின் வீடும் தாயும் மொழியும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவற்றுக்கு மற்றைத் தட்டுக்களிலுள்ள நூல்களை நாடவேண்டியுள்ளது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? பள்ளிக்கு ஒரு கருவி வரும்போது அது விரைவானதா, மலிவானதா என்று கேட்டல் போதாது. அதனை யார் கொணர்கின்றார், எப்பிள்ளைகளுக்காகக் கொணர்கின்றார், அப்பிள்ளைகளின் பெற்றோரை அவர் எவ்வாறு மதிக்கின்றார், கருவி சேர்க்கும் பதிவு யாரிடம் போய்ச் சேர்கின்றது என்றும் கேட்டல்வேண்டும். இவ்வினாக்கள் கருவிக்குப் பகையானவையல்ல. இவற்றைக் கேட்டபின் ஏற்கப்படுங் கருவியே நிலைத்த பயன் தரும். ஆசிரியராகப் போகும் மாணவர் இதனைத் தம் முதற்பாடமாகக் கொள்வாராக.

பெல் 1832இற் காலமானார். பெருஞ்செல்வத்தைக் கல்விக்கு எழுதிவைத்த அவர் உடல் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் பிறந்த சென்ற் அன்றூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகின்றது. கடல்கடந்த அந்நகரிற் சென்னையின் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டு நிற்கின்றது. மணலெழுத்தை முதலிற் கற்பித்த திண்ணையாசிரியரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. எழும்பூர்ப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கும் ஏடுகளில் இடமில்லை. அவர்தம் இடத்தை வரலாற்றில் மீட்டுக்கொடுக்கும் முயற்சி இப்பொழுதுதான் தொடங்கியுள்ளது. தமிழ் ஏடுகளையும் ஆங்கிலப் பதிவுகளையும் ஒருங்கே படிக்கவல்ல நம் மாணவர் அதற்கு ஆற்றக்கூடிய பணி மிகப் பெரிது.